டோமோகிராஃபியா, எஃப்.டபிள்யூ.ஐ.யா: வேக மாதிரிக்கு எதை நம்புவது?

முப்பரிமாண சீஸ்மிக் தரவை (நிலத்தடிக்குள் அனுப்பிய அதிர்வலைகள் திரும்பி வந்த பதிவை) ஆழத்தில் படமாக்க உட்கார்ந்தால், எங்கே அலை எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று சொல்லும் வேக மாதிரியை எப்படிக் கட்டுவது என்பதில்தான் முதல் சண்டையே வரும். போன வேலையில் நான் டோமோகிராஃபி பக்கம் நின்றேன், இன்னும் அங்கேதான் நிற்கிறேன், அதனால் இதை நடுநிலை அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சட்டென்று முடித்துவிடலாம். டோமோகிராஃபி அலை வந்து சேரும் நேரத்தை வைத்தே கணக்குப் போடுகிறது, ஆகையால் மலிவு. ஆனால் மாதிரி வழவழவென்று வரும். எஃப்.டபிள்யூ.ஐ. (full-waveform inversion) பதிவான அலையின் முழு வடிவத்தையும் பொருத்திப் பார்க்கிறது. நுணுக்கம் அதிகம், கணினிச் செலவும் அதிகம்: அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் கணக்கு சுமார் 16 மடங்கு. நார்வேயின் வால்ஹால் எண்ணெய் வயலில் புதைந்துபோன பழைய கால்வாய்களை அது வரைந்து காட்டியதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது.

தடுத்தது ஒரே கேள்வி. மாதிரி தப்பாகிப் போனால், தப்பு எங்கே என்று தேட முடியுமா?

டோமோகிராஃபியில் கேதரை (ஒரே இடத்தை வெவ்வேறு தூரங்களிலிருந்து பார்த்த பதிவுகளின் தொகுப்பை) திறந்தாலே பாதி தெரிந்துவிடும். ஒரே பிரதிபலிப்பு எல்லா ஆஃப்செட்டிலும் (அலை மூலத்துக்கும் பதிவுக் கருவிக்கும் உள்ள தூரம்) ஒரே ஆழத்தில் நின்றால் சரி, எட்டப் போகப் போக மேலே சுருண்டால் போட்ட வேகம் குறைவு, கீழே தொங்கினால் அதிகம். ஒருமுறை 2 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் காரணமே இல்லாமல் இறங்கிக்கொண்டே போனது. பிக்குகளை, அதாவது பிரதிபலிப்பு என்று குறித்த புள்ளிகளை, கேதர் மேல் போட்டுப் பார்த்தோம்: தானியங்கி பிக்கர் உண்மையான பிரதிபலிப்பை விட்டுவிட்டு, கடல்தரைக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே கூடுதலாக ஒரு சுற்று குதித்து வந்த மல்டிபிளைப் பிடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் அலையின் வேகம் செகண்டுக்கு 1,500 மீட்டர்தானே, அதை நம்பினால் மாதிரி மெதுவாகத்தான் செய்யும். பிக்குகளை வடிகட்டி மறுபடி ஓட்டினோம், சரி.

எஃப்.டபிள்யூ.ஐ. சறுக்கினால் இப்படி எளிதில் பிடிபடாது. 4 ஹெர்ட்ஸில் ஆரம்பித்தால் ஒரு சுற்று 250 மில்லிசெகண்ட். கணித்த அலை பதிவிலிருந்து பாதிச் சுற்றுக்கு மேல், அதாவது 125க்கு மேல் விலகியிருந்தால் பக்கத்துச் சுற்றோடு போய் ஒட்டிக்கொள்ளும். 3 செகண்ட் பயணித்து வரும் அலைக்கு 4 சதவீத வேகப் பிழையே கிட்டத்தட்ட அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடுகிறது. அப்புறம் நடப்பதுதான் கொடுமை. பொருத்தப் பிழை குறைந்துகொண்டே வரும், படமும் ஜோராக இருக்கும், இல்லாத ஒரு மெதுவான திட்டு மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு வாய்த்த திட்டை வாயு என்று இரண்டு வாரம் பேசிக்கொண்டிருந்தோம் (ஒருவர் அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டார்). அதன் நேர் கீழே, தட்டையாக ஓட வேண்டிய அடுக்கு மேடு தட்டியதும்தான் சந்தேகம் வந்தது. தொடக்க மாதிரியா, மூல அலைவடிவமா, அனைசோட்ரோபியா (திசைக்குத் திசை வேகம் மாறுவது) என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி ஓட்ட வேண்டியிருந்தது, ஒவ்வொரு ஓட்டமும் காசு.

டோமோகிராஃபி சாதுவும் இல்லை. சின்ன வாயுப் பைகளை அது பூசி மெழுகிவிடும், அங்கே எஃப்.டபிள்யூ.ஐ.தான் ராஜா. கேதர் தட்டையாக இருந்தும் கிணற்றோடு ஆழம் ஒட்டாமல் போவது இரண்டிலும் உண்டு. நிலத்தடி உப்பு அடுக்குக்கு அடியில் எது மேல் என்று கேட்டால், நான் பார்த்த உப்பு வேலை ஒன்றே ஒன்று, அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

இப்போது கேதர் தட்டையாகும்வரை டோமோகிராஃபி, அதன்மேல் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு மட்டும் எஃப்.டபிள்யூ.ஐ. என்று ஓட்டுகிறேன். பதிவுக் கருவிகள் கோத்த எட்டு கிலோமீட்டர் கேபிளில் வளைந்து திரும்பும் அலை அதைவிடக் கொஞ்சம் ஆழம் போகும்தான், ஆனால் அதன் அடிவிளிம்பை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அதே 20 கேதர்களைத் திறப்பேன். தட்டையாக இருந்தது வளைந்திருந்தால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடுவேன்.