ட்ரில்லியம் கிழங்கு வாங்குகிறவர்கள் கவனம்: என் 240 டொலர் போச்சு

எனக்குக் கிழங்கு விற்றவன் இன்று காலை என்னை புளொக் பண்ணிவிட்டான். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் பெரிய மேப்பிள் மரம் ஒன்று. அதன் கீழே புல்கூடப் பிடிக்காது. அந்த நிழலில் வெள்ளை ட்ரில்லியம் நடவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. காட்டு நிழலில் பூக்கும் செடி, 1937 முதல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் பூ அது. விதை போட்டால் பூப்பதற்கு ஏழெட்டு வருடமாவது ஆகும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் காட்டில் தோண்டி விற்கிறார்கள். எனவே விற்பவனிடம் முதல் கேள்வியே அதைத்தான் கேட்டேன்.

கண்டதையும் விற்கும் இணையச் சந்தை ஒன்றில், போன இலையுதிர் காலத்தில் கிடைத்த தமிழ்ப் பெடியன். "அக்கா, காட்டில தோண்டினது ஒண்டுமில்லை. எல்லாம் நாங்கள் விதை போட்டு வளர்த்தது. வாற வசந்தத்தில பூக்கும், நான் பொறுப்பு." வாய் நிறைய அக்கா என்றான். நம்பி, 12 கிழங்குக்கு 240 டொலரை வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் போகும் இ-ட்ரான்ஸ்பரில் அனுப்பினேன்.

பெட்டியைத் திறந்ததும் வயிறு எரிந்தது. கிழங்குகளில் மண்வெட்டி வெட்டிய காயம். ஒட்டியிருந்தது கறுத்த காட்டு மண், மக்கிய இலை, வேறேதோ செடியின் வேர். தொட்டி மண்ணில் கலக்கும் வெள்ளை மணி ஒன்றுகூட இல்லை. சில கிழங்குகள் விரல் பட்டாலே கூழ். எந்தக் காட்டில் எத்தனை குழி விழுந்ததோ!

அன்றே படம் அனுப்பினேன். "அது நித்திரை கொள்ளுது அக்கா, நட்டுவிடுங்கோ." கோடையிலேயே இலை வாடி மண்ணுக்குள் உறங்கும் செடிதான் அது. அந்த உண்மையை வைத்தே என் வாயை அடைத்தான். இப்போது மே மாதம், காடெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. என் மரத்தடியில் இரண்டே இரண்டு தலை நீட்டி, மூன்று இலையோடு நிற்கின்றன. பூ இல்லை. கேட்டால், "தண்ணி கூடிப்போச்சு போல." அப்புறம், "ஒரு மாசத்துக்குள்ள சொல்லியிருக்க வேணும்." அன்றே சொன்னேனே! சந்தைக்காரரோ பார்சல் கிடைத்துவிட்டதால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறார்கள். 240 டொலர்!

வாங்குகிறவர்களுக்கு அவசரமாகச் சில. "நாற்றுமேடையில் வளர்ந்தது" என்ற சொல் போதாது. காட்டில் தோண்டி ஒரு பருவம் தொட்டியில் வைத்ததையும் அப்படித்தான் விற்பார்கள். விதையிலிருந்தா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வெறும் கிழங்காக வேண்டாம், வசந்தத்தில் தொட்டியோடு இலையைக் கண்ணால் பார்த்து எடுங்கள். பூக்கிற அளவுச் செடி மலிவாகக் கிடைத்தால் விட்டுவிடுங்கள். இ-ட்ரான்ஸ்பர் வேண்டவே வேண்டாம், கார்டில் கட்டினால் வங்கியிடமாவது முறையிடலாம்.