₹2,40,000 போச்சு: பழைய மோட்டோகிராஸ் வண்டி வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோயம்புத்தூர், திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் டர்ட் பைக் (மண் பாதையில் ஓட்டுகிற வண்டி) ஓட்டுகிற எல்லோரும் இதைப் படித்துவிட்டு அப்புறம் வண்டி தேடுங்கள். நான் வாங்கிய வண்டியின் எஞ்சினைப் பிரித்துப் பார்த்த நாளிலிருந்து ராத்திரியில் தூக்கம் வரவில்லை. 2,40,000 ரூபாய் போனது ஒரு பக்கம். அந்த எஞ்சின் நின்ற இடத்தில் என் முதுகெலும்பும் போயிருக்கும், அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது. என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கூட்டத்தில் எல்லோரும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக்கில் ஆரம்பித்தவர்கள். 2019-இல் அந்த வண்டி வந்த பிறகுதான் எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்கு மண்ணில் ஓட்டுவது கைக்கு எட்டியது. சூலூர் தாண்டி ஒரு நண்பனின் தோட்டத்தை ஒட்டிய தரிசில் நாங்களே மண் கொட்டி மேடு போட்டு டிராக் அமைத்திருக்கிறோம். (காட்டுக்குள் போகிற கூட்டம் இல்லை நாங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் போகாதீர்கள்.) எக்ஸ்பல்ஸ் டிரெயிலுக்கு அருமையான வண்டி. ஆனால் 150 கிலோவுக்கு மேல் எடை, மேட்டில் எழும்பி இறங்கினால் சஸ்பென்ஷன் அடியோடு தட்டிவிடும். அசல் மோட்டோகிராஸ் வண்டி 100 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், சஸ்பென்ஷன் அமுங்கி எழுகிற தூரம் 300 மி.மீ. அளவுக்கு உண்டு. 2024-இல் இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக் தொடங்கியதிலிருந்து எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் அந்த ஆசை.

பழைய பொருள் விற்கிற ஒரு ஆன்லைன் தளத்தில் விளம்பரம் பார்த்தேன். கவாசாகி கே.எக்ஸ். 250 எஃப், 2015 மாடல், "எஞ்சின் ஃபுல் ரீபில்ட், ரேஸுக்கு ரெடி". போட்டது தனி ஆள் இல்லை, இறக்குமதி டர்ட் பைக் வாங்கி விற்கிற, சர்வீஸும் செய்கிற ஒரு கடை. நண்பன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு போனேன். சுவர் முழுக்கக் கோப்பைகள். கடைக்காரரின் பையன் பின்னால் காலி இடத்தில் குட்டி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அவர் தானாகவே ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து காட்டினார். ஃபில்டர் புதிதாக எண்ணெய் பூசிப் பளிச்சென்று இருந்தது. எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் இறக்கி விரலில் தொட்டுக் காட்டினார், தேன் நிறத்தில் இருந்தது. எஞ்சின் ஓடிய நேரத்தைக் கணக்கிடுகிற ஹவர் மீட்டர் 38 மணி நேரம் காட்டியது. "பிஸ்டன், கிராங்க், வால்வு எல்லாம் புதுசு தம்பி, போட்டு எட்டு மணி நேரம்கூட ஓடல. நானும் ரேஸ் ஓட்டினவன். ரேஸ்காரனை ரேஸ்காரன் ஏமாத்துவானா? ஏதாவதுன்னா வண்டியை இங்க கொண்டாந்து போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். இந்த வார்த்தையைத்தான் நம்பினேன். எஞ்சினைத் தொட்டபோது சூடாக இருந்தது. "இப்பத்தான் ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்தேன்" என்றார். ஒரே உதையில் கிளம்பியது.

யூ.பி.ஐ-யில் ஒரு நாளைக்கு 1,00,000 தான் போகும் என்பதால் பிரித்துப் பிரித்துப் போட்டேன். மொத்தம் 2,40,000. பில் கேட்டபோது "எஸ்டிமேட்" என்று அச்சடித்த துண்டுச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, சுங்கப் பேப்பர் பெங்களூரில் ஆடிட்டரிடம் இருக்கிறது, அடுத்த வாரம் கொரியரில் வரும் என்றார். இந்த நிமிஷம் வரைக்கும் வரவில்லை.

குட்டி யானையில் ஏற்றி வந்தோம். மறுநாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம், கடைசியில் தள்ளித்தான் கிளப்பினோம். போன் செய்தால், "ரேஸ் வண்டி அப்படித்தான் தம்பி, பழகிடும்" என்றார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிராக்கில் நான் முன்னால், நண்பன் பின்னால். பெரிய மேட்டுக்கு முந்திய நேர்ப்பாதையில், மூன்றாம் கியரில், எஞ்சினிலிருந்து தகர டப்பாவில் ஆணியைப் போட்டு ஆட்டினால் வருகிற மாதிரி ஒரு சத்தம். உடனே பின்சக்கரம் இறுகிவிட்டது. கிளட்சைப் பிடித்ததால் சக்கரம் விடுபட்டது, விழுந்து உருண்டதோடு தப்பித்தேன். இதுவே மேட்டில் ஏறுகிற நேரத்தில் நடந்திருந்தால் தலைகுப்புறத்தான். பின்னால் வந்தவன் என் மேலேயே ஏறியிருப்பான்.

பீளமேட்டில் தெரிந்த பட்டறை ஒன்றில் பிரித்தோம். ஆயிலில் வெள்ளியாக உலோகத் தூள். கனெக்டிங் ராட் கிராங்கோடு சேர்கிற அடி பேரிங் நொறுங்கியிருந்தது, இதுதான் அவர் சொன்ன புதுக் கிராங்க். பிஸ்டனின் பக்கவாட்டில் நகத்தால் தடவினால் மாட்டுகிற அளவுக்குக் கோடுகள். ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிற ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டால் செம்மண் பொடி ஒட்டிக்கொண்டு வருகிறது. ஃபில்டர் மட்டும்தான் புதுசு, அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாமே தூசி தின்ற பழசு. டைட்டானியம் இன்டேக் வால்வில், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. வால்வு தேய்ந்து உள்ளே அமுங்கி இடைவெளியே இல்லாமல் போனால் வண்டி கிளம்பாமல் அடம்பிடிக்கும், அதுவும் குளிர்ந்த எஞ்சின் கிளம்பவே கிளம்பாது. நான் போவதற்கு முன்பே ஏன் சூடேற்றி வைத்திருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது. சிலிண்டருக்கு அடியில் இருந்த காஸ்கெட், கம்பெனியில் போட்டது. இதுவரை யாரும் பிரித்ததே இல்லை என்று மெக்கானிக் அண்ணன் அடித்துச் சொன்னார். முலாம் பூசிய அலுமினிய சிலிண்டர் என்பதால் சாதாரண வண்டி மாதிரி போர் போட்டு (உள்ளே குடைந்து) ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டவும் வழியில்லை.

இன்னும் ஒன்று. சேஸிஸ் நம்பரில் பத்தாவது எழுத்து மாடல் வருஷத்தைக் குறிக்கும். 2015 என்றால் ‘எஃப்’ இருக்க வேண்டும். இதில் இருப்பது ‘டி’, அதாவது 2013. ஸ்டிக்கரை மாற்றி ஒட்டி மாடலைக் கூட்டியிருக்கிறார்கள்.

போட்டோ எல்லாம் எடுத்து அனுப்பினேன். முதல் பதில்: "ஃபில்டர் இல்லாம ஓட்டியிருப்பீங்க." அடுத்தது: "எந்த பங்க்ல பெட்ரோல் போட்டீங்க?" அதற்கடுத்து: "செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு ஏது தம்பி வாரண்டி?" கொண்டாந்து போடுங்க, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றவர்தான் இப்படிப் பேசுகிறார். பிறகு கடைப் பையன் போனை எடுத்து, "அண்ணன் வெளியூருங்க" என்றான். பின்னணியில் அண்ணன் குரல் கேட்கிறது! இப்போது வாட்ஸப்பில் அவருடைய படமே தெரியவில்லை. ஆன்லைன் தளத்தில் புகார் போட்டால், பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை என்று ஒரே வரி, புகார் மூடப்பட்டது. காவல் நிலையத்தில் கேட்ட முதல் கேள்வி, "ஆர்.சி. எங்க?" போட்டிக்கென்றே செய்த வண்டிக்கு ஆர்.சி. கிடையாது, ஹெட்லைட்டும் நம்பர் பிளேட்டும் இல்லாத வண்டி என்று விளக்குவதற்குள் பொழுது போய்விட்டது. புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவதற்கே மறுபடி போக வேண்டியிருந்தது. இந்த ஓட்டையைத் தெரிந்துகொண்டுதான் விற்கிறார்கள். ஆர்.சி. இல்லாததால் எந்த அலுவலகத்திலும் இந்த வண்டிக்கு வரலாறு கிடையாது, அவர்கள் சொல்வதுதான் வரலாறு. 2,40,000 ரூபாய் கொடுத்த எனக்கு, வண்டி என்னுடையது என்று காட்ட ஒரு எஸ்டிமேட் சீட்டுதான் இருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், முடியவில்லை, அவ்வளவு எரிச்சலாக இருக்கிறது. இதையாவது செய்யுங்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், இல்லை ஆறும்வரை அங்கேயே உட்காருங்கள். ஃபில்டரை விடுங்கள், அதற்குப் பின்னால் விரலை விட்டுப் பாருங்கள். ஹவர் மீட்டரை நம்பவே வேண்டாம், ஸ்பார்க் பிளக் ஒயரில் சுற்றுகிற தனிச் சாமான் அது, எப்போது வேண்டுமானாலும் புதிது மாட்டலாம். ரீபில்ட் என்றால் பாகங்களின் பில், கழற்றிய பழைய பிஸ்டன் இரண்டையும் கேளுங்கள். சுங்க பில் ஆஃப் என்ட்ரியும் (இறக்குமதிப் பத்திரம்) சேஸிஸ் நம்பர் எழுதிய ஜி.எஸ்.டி. பில்லும் கையில் வராமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், 5,00,000 ரூபாய் வரை கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். என் மனுவைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். சுவர் நிறையக் கோப்பை வைத்திருக்கிற இந்த மாதிரிக் கடையில் "ஃபுல் ரீபில்ட்" கே.எக்ஸ். வாங்கியவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே சேஸிஸ் நம்பரின் பத்தாவது எழுத்தைப் பார்த்துவிட்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். பெட்டியில் கட்டி வைத்திருக்கிற பிஸ்டனையும் கிராங்கையும் நான் தூக்கிப் போடப் போவதில்லை.