சிஸ்டேட் தப்பாகக் காட்டும்போது: ஆரக்கிளோடு பல வருடப் பழக்கம்

டேட்டாபேஸில் நேரம் தப்பாக வருகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "எவ்வளவு தப்பு?" என்றுதான். பாதி பதில் அதிலேயே இருக்கும். இரண்டு மூன்று நிமிடம் விலகியிருந்தால் சர்வரில் கடிகாரத்தை நெட்வொர்க் வழியாகச் சரியாக வைத்திருக்கும் குரோனி (chrony) ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய சர்வர் கரன்ட் போய் வந்ததும் சில வருடம் பின்னால் போய்விட்டால், மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கும். சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் என்றால் கடிகாரத்தைத் தொடவே தொடாதீர்கள். எங்கோ இந்திய நேரத்துக்குப் பதில் உலகப் பொது நேரமான யுடிசி (UTC) உட்கார்ந்திருக்கிறது.

சாதாரண அமைப்பில் இப்போதைய தேதி, நேரத்தைத் தரும் ஆரக்கிளின் சிஸ்டேட் (SYSDATE), ஓஎஸ்ஸிடம் கேட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். டேட்டாபேஸின் டைம்சோன் அமைப்பை (DBTIMEZONE) மாற்றினால் அது அசையாது. பலரும் அங்கேதான் போய் நேரத்தை வீணடிப்பார்கள்.

நான் பார்த்ததில் ஆளைச் சுற்றவிட்டது லிசனர் விவகாரம். லினக்ஸ் சர்வருக்குள்ளேயே ஆரக்கிளின் கமாண்ட் கருவியான எஸ்கியூஎல் பிளஸ் திறந்து கேட்டால் மாலை 4 மணி. அப்ளிகேஷன் வழியாக அதே கேள்விக்கு காலை 10:30. ஒரே டேட்டாபேஸ், ஒரே நொடி! வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு சர்வர் பிராசஸைத் தொடங்கி வைப்பது லிசனர். அதன் டைம்சோனைச் சொல்லும் டிஇசட் (TZ) மாறிதான் அந்தப் பிராசஸுக்கும் போகும். யாரோ யுடிசி வைத்த ஷெல்லிலிருந்து லிசனரைத் தொடங்கியிருந்தார்கள். விடிகாலை ஐந்தரைக்கு முன் போட்ட பில் எல்லாம் முந்தின நாள் கணக்கில் விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. லினக்ஸின் ப்ராக் (/proc) டைரக்டரியில் அந்தப் பிராசஸின் என்விரான் (environ) ஃபைலைப் பார்த்தாலே டிஇசட் தெரிந்துவிடும். சரிசெய்து லிசனரை மறுபடி தொடங்கினால் மட்டும் போதாது, ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் பழைய நேரத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். கனெக்‌ஷன் பூலையும் (அப்ளிகேஷன் திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) புதுப்பிக்க வேண்டும். பல சர்வர்கள் சேர்ந்த கிளஸ்டர் என்றால் சர்வ்சிடிஎல் (srvctl) கமாண்ட் வழியாக டிஇசட் வையுங்கள்.

அப்புறம், நேரம் நகராமல் ஒரே இடத்தில் நின்றால் சிஸ்டேட்டை ஒரே நேரத்தில் நிறுத்திவைக்கும் ஃபிக்ஸ்டு டேட் (FIXED_DATE) என்ற பாராமீட்டரைப் பாருங்கள். டெஸ்டிங்குக்காக வைத்துவிட்டு மறந்துபோவது எல்லா ஊரிலும் நடப்பது. சிஸ்டேட், டைம்சோனோடு நேரம் தரும் சிஸ்டைம்ஸ்டாம்ப் (SYSTIMESTAMP) இரண்டையும் ஒரே செலக்டில் கேளுங்கள். இரண்டாவது மட்டும் நகர்ந்தால் இதுதான் காரணம். மதிப்பை NONE என்று மாற்றினால் உடனே சரியாகிவிடும், ரீஸ்டார்ட் வேண்டாம்.

இதற்குள் பதிவாகிவிட்ட தப்பு நேரங்கள்தான் உண்மையான தலைவலி. டேட் (DATE) வகை நெடுவரிசையில் டைம்சோன் கிடையாது. சர்வருக்குள் தானாக மொத்தமாக ஓடிய பேட்ச் (batch) வேலைகள் சரியான நேரத்தையும், அப்ளிகேஷன் தப்பான நேரத்தையும் ஒரே டேபிளில் எழுதியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நல்லதும் கெட்டுவிடும். இதனால்தான் புது டேபிளில் டைம்சோனோடு கூடிய டைம்ஸ்டாம்ப் நெடுவரிசை வைத்து, சிஸ்டைம்ஸ்டாம்பால் நிரப்பச் சொல்வேன். 7 பைட் பிடிக்கும் இடத்தில் 13 பைட் பிடிக்கும், பிடிக்கட்டும்.