ஞாயிற்றுக்கிழமை, செவ்வாயில்

காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்க்கிறவன் நான். செவ்வாய்க் கிரகத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் தனியாகப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தான். பெரம்பூர் பேரக்ஸ் ரோடு பக்கம் ஒரு மாடியில் நடந்த ஒருநாள் பயிற்சிக்கு நானும் 600 ரூபாய் கட்டி உட்கார்ந்தேன். குறையும் சொல்லப் போகிறேன், அதனால் நடத்துகிறவர்கள் பெயர் வேண்டாம்.

செவ்வாயில் உயிரின் தடயம் தேடும் ரோவருக்கு, அதாவது ஆளில்லாத வண்டிக்கு, ஒரு நாள் வேலையை எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. பக்கத்து அறையில் மணலும் கல்லும் பரப்பி, ரிமோட் கார் மேல் செல்போனைக் கட்டி விட்டிருந்தார்கள். நாம் அங்கே எட்டிப் பார்க்கக் கூடாது. சீட்டில் எழுதி ஜன்னல் வழியாகக் கொடுத்தால் கால் மணி நேரம் கழித்துப் படம் வரும். ரிமோட்டைக் கையில் கொடுத்தால் நானே ஓட்டுவேனே என்றேன். "கட்டளை போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிஷம் ஆகும் அண்ணா, நீங்க பிரேக் போடறதுக்குள்ள வண்டி பள்ளத்துல கிடக்கும்" என்றார் சொல்லிக்கொடுத்த தம்பி. அதனால் அன்றைய வேலை மொத்தத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிடுகிறார்கள். மேலே சுற்றும் விண்கலம் வழியாகப் பதில் வந்தால்தான் அடுத்த நாள் திட்டம்.

செவ்வாயின் ஒரு நாளுக்கு சோல் என்று பெயர். 24 மணி 39 நிமிடம் சொச்சம். 2021 பிப்ரவரியில் நாசாவின் பெர்சிவியரன்ஸ் ரோவர் அங்கே இறங்கிய புதிதில் அதை இயக்கியவர்கள் அந்தக் கணக்கில்தான் டூட்டி பார்த்தார்களாம். தினமும் 40 நிமிடம் தள்ளிப் போகும். மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். கடலில் ஏத்தமும் வத்தமும் தினம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளித்தானே வருகிறது, எங்களுக்கு இதில் என்ன அதிசயம்?

பயிற்சியில் மின்சாரத்துக்குப் பதில் புளியங்கொட்டை. குழுவுக்கு 40. வண்டி நகர 15, கல்லைத் துளைக்க 20, படம் எடுக்க 3, அனுப்ப 5. பெர்சிவியரன்ஸின் அணு மின்கலம் இறங்கும்போது கொடுத்தது சுமார் 110 வாட், அதாவது ஒன்றரை சீலிங் ஃபேன். அதைப் பேட்டரியில் சேர்த்து வைத்துத்தான் ஒரு டன் வண்டியை நகர்த்துகிறார்கள். நாங்கள் முதல் சோலிலேயே வண்டியை நகர்த்தி, கல்லையும் துளைத்தோம். படமும் எடுத்தோம். மிச்சம் இரண்டு கொட்டை, அனுப்ப வழியில்லை. ஐஸ் ஏற்றாமல் பத்து நாள் கடலுக்குப் போன போட் மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாவது சோலில் புற ஊதா டார்ச் அடிக்கச் சொன்னோம். பெர்சிவியரன்ஸின் கையில் இருக்கும் ஷெர்லாக் கருவியும் புற ஊதா லேசர் அடித்துத்தான் கரிமச் சேர்மம், அதாவது உயிருக்கு அடிப்படையான கார்பன் பொருள், தேடுகிறது. படம் வந்தது. சாம்பல் நிற ஜல்லிக்கல் ஒன்றின் ஓரத்தில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு ஒளி. "மாமா, உயிர்!" என்று பையன் கத்தினான். தம்பிக்கே புரியவில்லை; கல்லை எடுத்து வந்து முகர்ந்து பார்த்தார். மஞ்சள். கல் அடுக்கியவர் எலுமிச்சை சாதம் சாப்பிட்ட கையைச் சரியாகக் கழுவவில்லை. புற ஊதா பட்டால் மஞ்சள் ஒளிருமாம்.

அது அவர்கள் வைத்த சோதனை இல்லை, சொதப்பல். ஆனால் கொடுத்த காசுக்கு அதுவே போதும். பெர்சிவியரன்ஸ் மாதிரி சேகரிக்கக் கொண்டுபோன 43 குழாயில் 5 குழாய் கல்லுக்கே இல்லையாம்; பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன அழுக்கைக் காட்டிக்கொடுக்க மட்டும். 2024 ஜூலையில் செயாவா ஃபால்ஸ் என்ற பாறையில் சிறுத்தைப் புள்ளி மாதிரித் தடம் பார்த்த பிறகும் பழைய உயிரின் தடயமாக 'இருக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் தெருவாக இருந்தால் அன்று மாலையே போஸ்டர் ஒட்டியிருப்போம்.

குறை என்றால், தமிழில் வகுப்பு என்று சொல்லிவிட்டு கையில் கொடுத்த தாள் முழுக்க ஆங்கிலம். முப்பது பேருக்கு ஒரே டார்ச். மதியம் கரண்ட் போய் 20 நிமிடம் வியர்த்தோம். புளியங்கொட்டையை எண்ணிச் செலவு செய் என்று பாடம் எடுத்த இடத்தில் ஒரு இன்வெர்ட்டர் இல்லை. டீயும் கிடையாது.

இருந்தாலும் அடுத்த முறை பையனை அனுப்புவேன். சாப்பாடு நாமேதான் கொண்டுபோக வேண்டும். தயிர் சாதமாகக் கட்டிக் கொடுங்கள்.