ஒரே வேலைக்கு ஒரு லினக்ஸ்: பில்ட்ரூட்டுடன் மூன்று ஆண்டுகள்

ராஸ்பெர்ரி பை ஜீரோ டபிள்யூ என்ற சிறு கணினிப் போர்டு ஒன்று, 800க்கு 480 பிக்சல் அளவுள்ள ஒரு சிறு எச்டிஎம்ஐ திரை. உணரிகள் அனுப்பும் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் நகரும் கோடுகளாக வரைந்து காட்டுவது மட்டுமே இதன் வேலை. அதற்காகவே நான் கட்டிய லினக்ஸ் மூன்று ஆண்டுகளாக இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் வழக்கமான முழு லினக்ஸைத்தான் ஏற்றியிருந்தேன். படம் வர முக்கால் நிமிடம் ஆகும். அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மின்சாரம் திடீரென்று போனதில் எஸ்டி கார்டின் கோப்பமைப்பு இரண்டு முறை கெட்டுப்போனது. பின்னணியில் ஓடிய அத்தனை நிரல்களில் எது எப்போது கார்டில் எழுதுகிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. அந்த எரிச்சலில்தான் பில்ட்ரூட் பக்கம் வந்தேன்.

நமக்கு வேண்டிய லினக்ஸை நாமே கட்டிக்கொள்ள உதவும், 2001 முதல் வளர்ந்துவரும் மென்பொருள் இது. மெனுவில் லினக்ஸின் மையமான கர்னலையும் தேவையான நிரல் தொகுப்புகளையும் குறித்துவிட்டு ‘மேக்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் போதும். கம்பைலரில் தொடங்கி எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்தே கட்டி, கார்டில் அப்படியே எழுதக்கூடிய ஒற்றைக் கோப்பைத் தந்துவிடுகிறது. என்னுடையதில் அடிப்படைக் கட்டளைகளுக்குப் பிஸிபாக்ஸ், கிராபிக்ஸுக்கு மெசா, வைஃபைக்கு வேண்டியவை, என் நிரல் ஆகியவை மட்டுமே உள்ளன, டெஸ்க்டாப் கிடையாது. மொத்தம் 24 எம்பி.

நிரல் கர்னலில் திரையைக் கவனிக்கும் பகுதியான டிஆர்எம் வழியாக நேராகத் திரைக்கு வரைகிறது. திரைக்கான நினைவகத்தில் நேராக எழுதும் பழைய ஃபிரேம்பஃபர் முறையில் தொடங்கியபோது, கோடு நகரும்போதெல்லாம் படம் நடுவில் கிழிந்தது போலத் தெரிந்தது. ஒரு முழுப் படம் 15,36,000 பைட்; நொடிக்கு 60 முறை அதைப் பிராசசரே நகலெடுத்தால் 92 எம்பி. இந்தச் சிறு பிராசசருக்கு அது வீண் சுமை. இப்போது இரண்டு படங்களை நினைவகத்தில் வைத்து, திரை ஒரு சுற்று முடிக்கும் இடைவெளியில் மாற்றிக்கொள்கிறேன். கிழிசல் அறவே நின்றுவிட்டது.

பூட் நேரத்தைக் குறைக்க நான் செய்தவற்றில் மிக எளியதே அதிகம் பலன் தந்தது. கர்னலின் செய்திகளைக் கேபிள் வழியாக வெளியே அனுப்பும் சீரியல் கன்சோல் 115200 வேகத்தில் நொடிக்கு 11,520 எழுத்துகளைத்தான் அனுப்பும். கர்னல் எழும்போது கொட்டும் செய்திகள் இருபதாயிரம் எழுத்துகளைத் தாண்டின. பூட் வரியில் அவற்றை அடக்கும் ‘கொயட்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததும் ஏறக்குறைய இரண்டு நொடி மிச்சமானது. இப்போது ஏழு நொடிக்குள் படம் வந்துவிடுகிறது.

லினக்ஸும் என் நிரலும் இருக்கும் ரூட் கோப்பமைப்பு ஸ்குவாஷ்எஃப்எஸ் வகை. அதில் எழுதவே முடியாது. பதிவுகள் நினைவகத்தோடு சரி. அமைப்புகளுக்கு மட்டும் கார்டில் ஒரு சிறு தனிப் பகிர்வு (பார்ட்டிஷன்). அதன்பின் எத்தனையோ முறை மின்சாரம் போய்விட்டது. கார்டு ஒருமுறைகூடக் கெடவில்லை.

பெரிய சோதனை பதினோராம் நாள் வந்தது. காலையில் பார்த்தால் திரை கறுப்பு. சீரியல் கேபிளைச் செருகிப் பார்த்தேன். சிஎம்ஏவிலிருந்து இடம் ஒதுக்க முடியவில்லை என்று கர்னல் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தக் கிராபிக்ஸ் சிப்புக்கு நினைவகம் தொடர்ச்சியான துண்டாகவே வேண்டும். அதற்கென ஒதுக்கி வைக்கும் பகுதிதான் சிஎம்ஏ. ஓடும் நிரல்களின் பட்டியலை எடுத்தேன். கர்னலுக்குரிய இழைகளைத் தள்ளிவிட்டால் மிஞ்சியவை ஐந்தே ஐந்து. அவற்றில் கிராபிக்ஸைத் தொடுவது என் நிரல் ஒன்றுதான். நினைவக நிலவரத்தைக் காட்டும் மெம்இன்ஃபோவில், சிஎம்ஏவில் மீதியுள்ள இடமான ‘சிஎம்ஏஃப்ரீ’ எண்ணை நிமிடத்துக்கு ஒருமுறை பதியவிட்டேன். எண் சீராக இறங்கியது. ஒவ்வொரு புதிய அளவீட்டுக்கும் எழுத்துப் படம் ஒன்றை உருவாக்கி, பழையதை விடுவிக்காமல் விட்டிருந்தேன். ஒரு வரியில் தீர்ந்தது. முழு லினக்ஸில் இதைத் தேடியிருந்தால் எத்தனை நாள் போயிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இந்தப் போர்டில் பேட்டரிக் கடிகாரம் இல்லை. மின்சாரம் வந்ததும் நேரம் 1970இல் தொடங்கும். வலையிலிருந்து சரியான நேரம் கிடைக்கும்வரை வரைபடத்தைத் தொடங்காதீர்கள்.

பில்ட்ரூட்டில் எனக்கு உள்ள குறை ஒன்று. மெனுவில் ஒரு தொகுப்பின் குறியை எடுத்துவிட்டு மறுபடி கட்டினால், ஏற்கெனவே உள்ளே சேர்ந்துவிட்ட கோப்புகள் அங்கேயே கிடக்கும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டும். என் மடிக்கணினியில் அதற்கு ஒன்றரை மணி நேரம். ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் நேரம் போகத்தான் செய்கிறது. அடிக்கடி புதுத் தொகுப்புகளை நிறுவிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இது ஒத்துவராது. ஓடும் போர்டிலேயே நிறுவுவதற்கு வழியே இல்லை.

ஆண்டுக்கு நான்கு வெளியீடுகள் வருகின்றன. பிப்ரவரியில் வருவதற்கு நீண்டகால ஆதரவு உண்டு. நான் அதை மட்டுமே எடுக்கிறேன். என் கோப்புகளைப் பில்ட்ரூட்டுக்கு வெளியே தனிக் கோப்பகத்தில் வைத்திருப்பதால் மாறுவது ஒரு மாலை வேலை. ஆனால் புதியதை ஏற்ற இன்னும் கார்டைக் கழற்றித்தான் ஆக வேண்டியிருக்கிறது. இரண்டாவது ரூட் பகிர்வு ஒன்றைச் சேர்த்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் எழுதும் வேலையை இந்த மாதம் தொடங்கியிருக்கிறேன்.