‘ஒரே நாளில் முயல்களைப் பழக்கித் தருகிறோம்’ என்பவர்களிடம் எச்சரிக்கை

ஏற்கெனவே ஒரு முயல் இருக்க, இரண்டாவது வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

எங்களிடம் இருப்பது கருத்தடை செய்த ஆண் முயல். அதற்குத் துணை தேடியபோது, முயல் விற்பவர் ஒருவர் பெண் முயலும் தந்து, இரண்டுக்கும் பாண்டிங்கும் (சண்டையில்லாமல் சேர்ந்து இருக்கப் பழக்குவது) செய்து தருவதாகச் சொன்னார். முயலுக்குத் தனியாக, பழக்குவதற்குத் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டார். அன்று மாலையே ஒரு வீடியோ அனுப்பினார். பிளாஸ்டிக் டப் ஒன்றில் இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. “பாருங்க சார், எவ்வளவு ஒத்துமை! இனி ஒரே கூண்டுல விடலாம்” என்றார்.

விட்ட கொஞ்ச நேரத்திலேயே சண்டை. வால் நிமிர்ந்தது, காதுகள் முதுகோடு படிந்தன, ஒன்றின் பின்பக்கத்தை மற்றொன்று துரத்திச் சுழன்றது. பிறகு இரண்டும் கட்டிப் புரண்டன. ரோமம் கொத்துக்கொத்தாகப் பறந்தது. கெட்டித் துண்டைப் போட்டுப் பிரிப்பதற்குள் எங்கள் முயலின் காது ஓரம் கிழிந்துவிட்டது.

வெளியே தெரிந்தது அந்தக் காயம் மட்டும்தான். டாக்டர் பஞ்சை நனைத்து ரோமத்தை ஒதுக்கிக்கொண்டே போனபோது, தொடையின் உள்பக்கம் பொட்டுப் பொட்டாகப் பல் பதிந்த ஓட்டைகள் இருந்தன. முயலின் தோல் மெல்லியது. ஓட்டை மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும். அந்தச் சீழ் தண்ணீராக வடியாது, பற்பசை மாதிரி கெட்டியாக இருக்கும் என்பதால் பல நேரங்களில் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அப்புறம் புதிய முயலைத் திருப்பிப் பார்த்தார். அது பெண்ணே இல்லை, கருத்தடை ஆகாத ஆண். குட்டியில் ஆண் பெண் பார்ப்பது கஷ்டம்தான். ஆண் முயலால் விரைகளை உள்ளே இழுத்துக்கொள்ளவும் முடியும். ஆனால் இது வளர்ந்த முயல். முயல் விற்பதே தொழிலாக இருப்பவருக்குத் தெரியவில்லை என்றால் நான் நம்பமாட்டேன்.

அந்த வீடியோவையும் டாக்டரிடம் காட்டினேன். இப்போது நீங்களும் இப்படிப்பட்ட வீடியோக்களை உற்றுப் பாருங்கள். உடல் தரையோடு அழுந்தியிருக்கும், கண் பிதுங்கியிருக்கும், அசைவே இருக்காது. எங்களுக்கு வந்ததில் இரண்டில் ஒன்றுகூட முகம் கழுவவில்லை, புல்லைத் தொடவில்லை. வேட்டையாடப்படும் பிராணி, ஓட இடம் இல்லாதபோது பயத்தில் உறைந்து உட்காரும். டப்பில் ஒட்டி உட்கார்ந்ததற்கு வேறு இடம் இல்லாததும் வழுக்கியதும்தான் காரணம். வீட்டுக்கு வந்து பயம் தெளிந்ததும் சண்டை வந்துவிட்டது. சிலர் டப்பில் தண்ணீரும் விடுகிறார்களாம். முயலை நனைப்பது ஆபத்து. உடல் சூடு இறங்கி அதிர்ச்சியிலேயே செத்துப்போகலாம்.

விற்றவரிடம் கேட்டதற்கு, “அடிச்சுக்கிட்டாத்தான் யார் பெரியவன்னு முடிவாகும், அப்படியே விட்டுடுங்க” என்றார். எனக்கு மிகவும் ஆத்திரம் வந்தது இந்தப் பேச்சில்தான். பழகும்போது லேசாகத் துரத்துவது, மேலே ஏறுவது, கொஞ்சம் ரோமம் பிடுங்குவது எல்லாம் சாதாரணம். கட்டிப் புரண்டு கடிப்பதை விட்டுவைக்கவே கூடாது. வயிற்றையும் பிறப்புறுப்பையும் குறிவைத்துக் கிழித்துவிடும். பணத்தைக் கேட்டதும் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

இப்போது டாக்டர் சொன்னபடி செய்கிறோம். புதியதற்கும் கருத்தடை ஆயிற்று. ஆபரேஷன் ஆன உடனே குணம் மாறாது, ஹார்மோன் அடங்கச் சில வாரங்கள் ஆகும். (ஆண் முயல் பெண்ணுடன் சேரப் போகிறது என்றால் இன்னும் கவனம் வேண்டும்: 4 முதல் 6 வாரம் வரை அதனால் சினையாக்க முடியும்.) அதுவரை பக்கத்துப் பக்கத்துத் தடுப்பில் இரண்டும் இருக்கின்றன. நடுவில் இடைவெளி விட்டிருக்கிறோம், இல்லாவிட்டால் கம்பி வழியாகவே மூக்கைக் கடித்துவிடும். விரிப்பையும் புழுக்கைத் தட்டையும் அவ்வப்போது மாற்றி வைக்கிறோம். அடுத்ததன் வாசனை பழக வேண்டும். தடுப்போரம் கால் நீட்டிப் படுத்துச் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் நேரில் விடுவோம். அதுவும் இரண்டும் இதுவரை கால் வைக்காத அறையில், கொஞ்ச நேரம் மட்டும். பதுங்கும் பெட்டிக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும், ஒரே வாசல் என்றால் உள்ளே மாட்டிக்கொள்ளும். பிரிப்பதற்கு முறமோ துண்டோ கையில் இருக்கட்டும், வெறுங்கையை நடுவில் விடாதீர்கள். வாரக்கணக்கில் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

யாரிடமாவது கொடுத்துத்தான் பழக்க வேண்டும் என்றால், இரண்டுக்கும் கருத்தடை ஆனதற்கு டாக்டரின் சீட்டைக் கேளுங்கள். ஆணா பெண்ணா என்பதை உங்கள் டாக்டரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். திறந்த இடத்தில் இரண்டும் சேர்ந்து சாப்பிடுவதை, ஒன்றை ஒன்று நக்கிக்கொடுப்பதை நேரில் பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு இடத்திலிருந்து முயலைக் கொண்டுவந்திருந்தால், இன்றே ரோமத்தை ஒதுக்கிக் காது, வயிறு, தொடையிடுக்கு எல்லாம் பாருங்கள். அரை நாளாக எதுவும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.