வகுப்பா, கைப்பேசியா, புதன்கிழமை முகாமா: தடுப்பூசிப் பயிற்சி எதில் கைக்கு வருகிறது?

தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியருக்குத் தடுப்பூசிப் பயிற்சி தர மூன்று வழிகள் இருக்கின்றன: மாவட்டத் தலைநகரில் இரண்டு நாள் வகுப்பு, கைப்பேசியில் காணொளியும் வினாடி வினாவும், புதன்கிழமை முகாமுக்கே அனுபவமுள்ள ஒருவர் போய்ப் பக்கத்தில் நின்று சொல்லித்தருவது. செலவை மட்டும் பார்த்தால் கைப்பேசிதான் ஜெயிக்கும். எந்தப் பிழையை எது திருத்துகிறது என்று பார்த்தால் கணக்கு வேறு.

அட்டவணை மாறும்போது கைப்பேசிக்கு ஈடில்லை. 2023 ஜனவரியில் போலியோ ஊசியான ஐ.பி.வி.யின் மூன்றாவது பகுதி டோஸ் (முழு அளவில் ஒரு பங்கு) ஒன்பதாம் மாதத்தில் சேர்ந்தது. 0.1 மி.லி., தோலுக்குள், இடது மேற்கை. இந்த ஒரு வரிக்காக முப்பது பேரைப் பஸ் ஏற்றி வரவழைப்பது வீண். வகுப்பு வழியாகப் போனால் மாநிலம், மாவட்டம், வட்டாரம் என்று ஒவ்வொரு படியிலும் செய்தி கொஞ்சம் தேயும். காணொளி தேயாது. அதை ஓடவிட்டுக்கொண்டே சோறு வடிக்கலாம், சான்றிதழும் வந்துவிடும் என்பதுதான் அதன் குறை.

ஊசி போடும் கைக்கு வருவோம். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 0.05 மி.லி., அதற்கு மேல் 0.1. ஊசிமுனையின் சரிவு மேலே பார்க்க, தோலோடு கிட்டத்தட்ட படுத்த நிலையில், 10 முதல் 15 டிகிரிக்குள் நுழைய வேண்டும். மருந்து தடையோடு ஏறி, ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக ஒரு வெளிறிய கொப்புளம் எழும்பினால் சரி. தடையே இல்லாமல் வழுக்கிப் போனால் தோலுக்கு அடியில் இறங்கிவிட்டது. பிறகு அங்கே சீழ் கட்டலாம், அக்குளில் நெறி கட்டலாம். அதற்காக மறு டோஸ் போடக் கூடாது. இதை வகுப்பில் சாத்துக்குடியில் பழக்குகிறார்கள். கோணம் பழகும், ஆனால் பழம் உதைக்காது. மூன்று கிலோக் குழந்தையின் கையை அம்மா எங்கே பிடிக்க வேண்டும், செவிலியரின் இடதுகை தோலை எப்படி இழுத்துப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் முகாமில்தான் கைக்கு வரும். முதல்முறை ஊசி பிடிப்பவரை நேரே முகாமுக்கு அனுப்பிவிடவும் முடியாது. அவருக்கு வகுப்பும் சாத்துக்குடியும் கட்டாயம்.

தடுப்பூசியைக் குளிர்ச்சி கெடாமல் முகாம்வரை கொண்டுபோகும் குளிர்சங்கிலியில் வகுப்பு அநேகமாகத் தோற்றுவிடுகிறது. மேசைமேல் காட்டும் ஐஸ் பேக் எப்போதோ உருகிப்போனது. உண்மையான சிக்கல் காலை ஏழரை மணிக்கு. டீப் ஃப்ரீசரிலிருந்து கல்லாக எடுத்த நான்கு பேக்கையும் அப்படியே தடுப்பூசி கொண்டுபோகும் கேரியரில் அடுக்கினால், சுவரை ஒட்டிய பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), ஹெபடைடிஸ் பி குப்பிகள் உறைந்துவிடும். உறைந்து உருகிய மருந்து பார்வைக்குப் பழையபடியே இருக்கலாம், வேலைதான் செய்யாது. பேக்கை வெளியே வைத்து, மேலே வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருக்க வேண்டும். எல்லா செவிலியருக்கும் இது தெரியும், பரீட்சையிலும் சரியாக எழுதுவார்கள். வண்டி வாசலில் ஹாரன் அடிக்கும்போது காத்திருக்கிறார்களா என்பதைப் பக்கத்தில் நிற்பவர்தான் பார்க்க முடியும். பல இடங்களில் தீர்வும் பயிற்சி அல்ல. ஃப்ரீசரைத் திறப்பவர் அரைமணி முன்னால் வந்தால் போதும்.

தூளாக வரும் தடுப்பூசியைக் கலக்கும் நீரான கரைப்பான் விஷயமும் இதே மாதிரிதான். 2018இல் பசிபிக் தீவு நாடான சமோவாவில் தட்டம்மைக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியைக் கலக்கும் நீருக்குப் பதிலாகக் காலாவதியான தசைதளர்வு மருந்தைக் கலந்ததில் இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசித் திட்டம் மாதக்கணக்கில் நின்றது. அடுத்த ஆண்டு வந்த தட்டம்மை 83 உயிர்களைக் கொண்டுபோனது. லேபிளைப் படியுங்கள் என்று எந்த வகுப்பும் சொல்லும். தடுப்பூசிப் பெட்டியில் வேறு மருந்து ஏன் இருக்கிறது என்று கதவைத் திறந்து கேட்பது நேரில் போனவரால் மட்டுமே முடியும். கலந்த பி.சி.ஜி., எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) குப்பிகளை நான்கு மணி நேரத்தில் ஒதுக்குகிறார்களா, திறந்த பெண்டாவேலன்ட் குப்பியில் தேதியும் நேரமும் எழுதியிருக்கிறதா என்பதும் அப்போதே கண்ணில் படும். தேதி இல்லையென்றால், திறந்த குப்பியை 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்ற விதியே செல்லாது.

நேர்முகப் பயிற்சி கெடுவது ஒரே வழியில்தான்: அது ஆய்வாக மாறிவிடும். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டுவார், செவிலியர் நடுங்குவார், அன்றைக்கு மட்டும் எல்லாம் ஒழுங்காக நடக்கும். இதைத் தவிர்க்க, போகிறவர் முதல் நான்கைந்து குழந்தைகளுக்கு வாய் திறக்கக் கூடாது. தப்பான கரைப்பான், போட்ட ஊசிக்கு மறுபடி மூடி போடுவது போன்ற ஆபத்துக்கு மட்டும் குறுக்கிடலாம். தாய்மார் போன பிறகு இரண்டே குறைகளைச் சொல்லி, ஒரு மாதத்தில் அதே இரண்டைப் பார்க்கத் திரும்பி வர வேண்டும். அந்த இரண்டாம் வருகைதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

புதிதாகச் சேருபவருக்கு வகுப்பு, அட்டவணை மாற்றத்துக்குக் கைப்பேசி. ஐந்து வருடமாக ஊசி போடுபவரை மறுபடி இரண்டு நாள் வகுப்பில் உட்கார வைக்கும் பணம் இருந்தால், அதை முகாம்களுக்குப் போய்ச் சொல்லித்தரும் வட்டாரத்து ஒருவரின் பெட்ரோலுக்குக் கொடுக்கலாம். ஒரு புதன்கிழமைக்கு இரண்டு முகாம், அதற்கு மேல் வேண்டாம்.